முகாம் வாசலில் நின்ற பாக்கியம்

ஓடிக்கொண்டிருக்கிறோம். கல்முனைச் சந்தை பின்னால் கிடக்கிறது. முன்னால் புகை. எந்தப் பக்கம் தப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை என் இடுப்பில். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார்.

முதலில் ஒரு விசில் சத்தம். மெல்லியது. நீளமானது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயங்கரம். பிறகு தரை அதிர்கிறது. ஓடுகள் உதிரும் சத்தம் கடைசியில் வருகிறது.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

வாய்க்காலுக்குள் விழுந்தோம். சேறு. யாரோ ஒருவரின் முழங்கை என் முதுகில். பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள்.

எண்பத்தாறாம் வருடம். தேதியை மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாங்கு பாதியில் அறுந்தது. அதை மறக்கவில்லை. அதற்கு முன் நான் பாதிப் பாங்கு கேட்டதில்லை.

என் பெயர் நஸீமா. அப்போது இருபத்துமூன்று வயது. கணவர் இஸ்மாயில் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். மகள் பரீனா இன்னும் நடக்கப் பழகவில்லை.

உழவு இயந்திரம் ஒன்று வந்தது. அதன் பெட்டிக்குள் ஏற்கெனவே ஆட்கள். எங்களையும் ஏற்றினார்கள். நகரத் தொடங்கியபோது ஒரு பெண் ஓடிவந்து பின்பலகையைப் பிடித்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. தானே ஏறினாள். நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்த தடம். வியர்வையில் அழிந்ததா, ஏறுமுன் அவளே துடைத்தாளா? என் முதல் சந்தேகம் அது.

அந்த வருடங்களில் முஸ்லிம்களான எங்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் இடையில் சண்டை மூண்டது. அடங்கியது. மறுபடி மூண்டது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரர் கல்முனைச் சந்தைக்கு வந்துதான் ஆக வேண்டும். நாங்களும் அவர்களிடம் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினோம். விற்றோம். முகத்தைப் பார்க்கவில்லை.

சம்மாந்துறைக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே இறக்கினார்கள். வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம். அந்தப் பெண்ணும் இறங்கினாள். தமிழ் ஊரான காரைதீவுக்கு ஒரு மணிநேர நடை. அவளுடைய ஆட்கள் அங்கே இருந்தார்கள். போயிருக்கலாம். போகவில்லை. சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பெயர் கேட்டதற்கு "பாக்கியம்" என்றாள்.

ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுமுன் வெளியே போனாள். பகல் சோற்று நேரத்துக்குப் பிறகு வந்தாள். கால் முழுக்கப் புழுதி. உதடு வெடித்திருக்கும். எங்கே போகிறாள்? கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எங்களுக்குள் கதை தொடங்கியது. இராணுவ முகாமுக்கு ஆள் காட்டுகிறாள் என்றார்கள் சிலர். ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியன்மாருக்கு ஆள் காட்டுகிறாள் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

அவள் கிணற்றடிக்கு வந்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகினேன்.

பிறகு இராணுவச் சுற்றிவளைப்பு வந்தது. காலை. தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டியிருந்தோம். லொறிகளின் சத்தம். கியர் மாற்றும்போது வரும் இழுவைச் சத்தம். வாசலில் ஒன்று, பின்வேலியில் ஒன்று. பூட்ஸ் சத்தம் சிமெந்துத் தரையில். ஆண்கள் எல்லாரையும் விளையாட்டுத் திடலில் நிறுத்தினார்கள். ஜீப் வந்தது. அதற்குள் ஓர் உருவம். தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அதன் முன் நடந்தார்கள்.

இஸ்மாயில் நடந்தார். சாக்கு அசைந்தது. மேலும் கீழும்.

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். சத்தம்கூட இல்லை.

"இயக்கத்துக்குப் பச்சைக் காற்சட்டை தைத்தவன்" என்று தமிழில் யாரோ சொன்னார்கள். என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீலக் காற்சட்டை தைத்தவர். நான் ஓடினேன். சிப்பாய் ஒருவனின் துவக்குப் பிடி என் தோளில் இடித்தது. அவரை லொறியில் ஏற்றிப் பின்கதவை மூடிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. இரும்பு இரும்பில் விழும் சத்தம்.

பாக்கியம் அப்போது பள்ளிக்கூடத்தில் இல்லை.

அது போதுமாக இருந்தது. சாக்குக்குள் இருந்தது பெண்ணாகவும் இருக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். உயரம் குறைவுதான் என்றாள் இன்னொருத்தி. நானும் நினைத்துப் பார்த்தேன். உயரம் குறைவுதான்.

எங்களுக்குப் பொறுப்பாக ஒரு மரைக்கார் இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். வயதானவர். அவர் வகுப்பறை வாசலில் நின்று சொன்னார்.

"இண்டைக்கே இந்தப் பொம்புளைய வெளியாக்கணும்."

அவள் வந்தாள். கால் முழுக்கப் புழுதி. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் போய் அவள் முன்னால் நின்றேன். எனக்கு இழக்க என்ன இருந்தது?

"எங்க போற நீங்க? என்ட மாப்பிள்ளைய யாரு காட்டிக் குடுத்த?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைப்பு.

"நான் சொன்னா நம்புவீங்களா தங்கச்சி? நம்பமாட்டீங்க. நாளைக்கு என்னோட வாங்க. கண்ணால பாருங்க."

மரைக்கார் ஒரு நாள் தவணை கொடுத்தார். பிள்ளையை அடுத்த பாயில் படுத்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனேன். முன்னால் அவள். பத்தடி பின்னால் நான். சேலைக்குள் ஒரு கல் வைத்திருந்தேன். எதற்கென்று தெரியாது.

வயல் வீதி. பிறகு தார் வீதி. பிறகு முட்கம்பி. மணல் மூட்டைகள். முகாம்.

நான் நினைத்தது சரி என்று தோன்றியது. உள்ளே போகப்போகிறாள். அவளைத் தெரிந்தவர்கள் கதவைத் திறப்பார்கள்.

அவள் போகவில்லை. வீதியின் எதிர்ப்பக்கம் நின்றாள். வாசலுக்கு நேரே. நிழல் இல்லாத இடம். கைகளைக் கீழே விட்டு நின்றாள். காவலாளி துவக்கை உயர்த்தினான்.

"போ! போ!"

பத்தடி பின்வாங்கினாள். அவன் இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்தாள். அவனுக்கு இது புதிதல்ல என்று தெரிந்தது. அவளுக்கும்.

"என்ட மகன் உள்ளுக்கு இரிக்கான்" என்றாள். "யோகன். சந்தைக்குச் சாமான் கொண்டு வந்த இடத்தில புடிச்ச. காரைதீவில இருந்தா இவ்வளவு தூரம் ஒவ்வொரு நாளும் நடக்கேலா. அதான் உங்கட பள்ளிக்கூடத்தில இரிக்கன்."

"ஏன் இத ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"முகாமில மகன் இரிக்கான் எண்டு சொன்னா, அவன் இயக்கம் எண்டுவீங்க. என்னைய வெளியாக்குவீங்க. மறுகா நான் எங்க நிக்க?"

உண்மையில் அப்படித்தான் செய்திருப்போம்.

நான் கேட்டேன், இப்படி நின்று என்ன கிடைக்கும் என்று. அப்போதுதான் தன் கதையைச் சொன்னாள். வாசலைப் பார்த்தபடியே சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

எழுபதுகளின் கடைசி. நாவிதன்வெளிப் பக்கம் வயல். புருசன் குத்தகைக்குச் செய்தது. வரம்பில் பாம்பு கடித்துச் செத்தான். மகன் அப்போது சின்னப் பிள்ளை. பொம்புளைக்கு வயல் எதற்கு என்று போடியார் திருப்பிக் கேட்டார். அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர். அவள் கொடுக்கவில்லை. கதிர் வந்த வயலுக்குள் மாடு அவிழ்த்து விட்டார்கள். பொலிஸில் முறையிடப் போனாள். நெல் களவெடுத்தாள் என்று அவளையே ஒரு பகல் உள்ளே வைத்தார்கள். அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். வெளியே போ என்றார்கள். மறுநாளும் போனாள். வேலைக்கு ஆள் வரவில்லை. போடியாருக்குப் பயம். தானே எருமை பிடித்து உழுதாள். ஊர் சிரித்தது. கடைசியில் வழக்குப் பேசி வயல் அவளுக்கென்று தீர்ந்தது.

"நான் பெரிசா ஒண்டும் செய்யல்ல" என்றாள். "அவனுகள் என்னைய மறக்கத்தான் பார்த்தானுகள். நான் மறக்க விடல்ல. ஒவ்வொரு நாளும் கண்ணில படுற இடத்தில போய் நிண்டன். இதுக்குள்ளயும் என்ட மகனை மறக்க விடமாட்டன்."

நல்ல கதை. அதனாலேயே எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்த வருடங்களில் நல்ல கதை சொல்லாத உளவாளி உண்டா? கல்லைப் போடவில்லை. அவளோடு திரும்பி வந்தேன். மரைக்காரிடம் போனேன். அவருக்கு அந்தப் பக்கம் வயல் இருந்தது. முன்பு அங்கே வட்டவிதானையாக இருந்தவர். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் ஆள். நாவிதன்வெளிப் பாக்கியத்தைத் தெரியுமா என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"ஓம். கண்டதும் தெரிஞ்ச. இவட வயலுக்குத் தண்ணி உடவாணா எண்டு போடியார் சொன்னாரு. நான் உடல்ல. மம்பெட்டியோட வந்து மதகில குந்தினா. ராவு பகல் எழும்பல்ல. நான்தான் தோத்துப்போய்த் துறந்து உட்ட."

"அப்ப ஏன் வெளியாக்கச் சொன்ன?"

"இது தண்ணியில்ல புள்ள. துவக்கு. இவ பின்வாங்கமாட்டா. இவவால எல்லாருக்கும் வரும்."

ஆனால் அதற்குப் பிறகு அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

இஸ்மாயிலையும் அந்த முகாமுக்குத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்று நானும் போனேன். எத்தனை நாள் என்று எண்ணவில்லை. வெயில். ஒரு நாள் மழை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள் அவள் தனியாகப் போனாள். என் கணவரின் பெயரையும் தானே காவலாளியிடம் சத்தமாகச் சொன்னாளாம். "இஸ்மாயில், தையல்காரன், கல்முனை." அவன் கல்லால் எறிந்தான். நெற்றியில் காயத்தோடு வந்தாள். அன்றைக்கு நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

ஒரு பகல் கதவு திறந்தது. இஸ்மாயில் வெளியே வந்தார். நடை மாறியிருந்தது. நான் முதலில் அடையாளம் காணவில்லை. பாக்கியம்தான் கண்டாள்.

"தங்கச்சி, இது உன்ட மாப்பிள்ளை இல்லியா?"

வலது கை துணியால் சுற்றப்பட்டிருந்தது. அவரைப் பிடித்து வீதியோரம் உட்காரவைத்தோம். பாக்கியம் தண்ணீர் கொடுத்தாள். மகனைப் பற்றிக் கேட்கவில்லை. குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அவரே சொன்னார்.

"யோகன் எண்டு ஒரு பொடியன் எங்களோட இரிந்தான். சுவரில ஒரு வெடிப்பு. அதுக்குள்ளால வாசல் தெரியும். உம்மா வந்திட்டா எண்டு ஒவ்வொரு காலையும் சொல்லுவான். உங்கட பாசையில அம்மா எண்டு சொல்லுவான். அவன் சொல்லித்தான் நீயும் நிக்கிறது எனக்குத் தெரியும் நஸீமா."

"இப்ப?" என்றாள் பாக்கியம்.

அவர் நிலத்தைப் பார்த்தார். முந்தின நாள் லொறி ஒன்று வந்தது. சிலரை ஏற்றினார்கள். அதில் யோகன் இருந்தான். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

"சாப்பிட்டவனா?" என்று கேட்டாள்.

"ஓம். என்ட சோத்திலயும் குடுத்தன்."

அவள் தலையசைத்தாள். அழவில்லை. வாசலுக்கு எதிரே போய்ப் பழைய இடத்தில் நின்றாள். நாங்கள் கூப்பிட்டோம். வரவில்லை.

நல்லது நடந்தது என்று நினைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். பேச்சு நின்றது. அந்த நிறுத்தம் எனக்குத் தெரிந்த நிறுத்தம். பாக்கியம் நுழையும்போது நாங்கள் நிறுத்திய அதே மாதிரி. இவனை மட்டும் ஏன் விட்டார்கள்? யாரைக் காட்டிக்கொடுத்தான்? வாயால் ஒருவரும் கேட்கவில்லை. என் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். அடுத்த சுற்றிவளைப்பில் வேறு இருவரைப் பிடித்தார்கள். அதுவும் எங்கள் கணக்கில் எழுதப்பட்டது.

கல்முனைக்குத் திரும்பினோம். கடை எரிந்திருந்தது. தையல் மெசினின் இரும்புச் சட்டம் மட்டும் கறுத்து நின்றது. வீட்டுக் கதவில் யாரோ தார் பூசியிருந்தார்கள். என் உடன்பிறந்த மூத்தவள், ராத்தா, எங்களைக் கண்டு வாசல் படலையைச் சாத்தினாள். இஸ்மாயில் வெளியே போவதை நிறுத்தினார். உடைந்த விரல்கள் வளைந்தே ஒட்டியிருந்தன. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார்.

நானும் படுத்திருப்பேன். பல நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்போதெல்லாம் மதகில் மண்வெட்டியோடு குந்தியிருந்த ஒரு பெண் என் கண்ணுக்குள் வந்தாள். நான் பார்க்காத காட்சி. ஆனால் தெளிவாக வந்தது. ஒரு காலையில் எழுந்தேன். பழைய மெசின் ஒன்றை இரவல் வாங்கினேன். எரிந்த கடையின் முன்னால் ஓலைத் தாழ்வாரம் இறக்கி, அதன் கீழ் உட்கார்ந்தேன். சந்தைக்குப் போகிற எல்லாரும் பார்க்கிற இடம். அவர் வீட்டிலிருந்து வாயால் சொல்லித் தந்தார். நான் வெட்டினேன். முதலில் யாரும் வரவில்லை. துப்பிவிட்டுப் போனவர்கள் உண்டு. மறுநாளும் உட்கார்ந்தேன். மழைக்காலம் தொடங்கியபோது ஒருத்தி கிழிந்த பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்தாள். சட்டையை நீட்டினாள். தைத்துக் கொடுத்தேன்.

சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் எங்களைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் யாரையும் முழுதாக நம்புவதில்லை. ஆனால் படுக்கவில்லை.

பாக்கியத்தைப் பிறகு ஒரே ஒரு முறை கண்டேன். எண்பதுகள் முடிகிற நேரம். கல்முனை பஸ் நிலையம். வேறு ஊரிலுள்ள வேறு முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. யோகனைப் பற்றி அன்றைக்குத்தான் நிறையச் சொன்னாள். பஸ் வந்தது. ஏறினாள். இந்த முறை நான் கை கொடுத்தேன்.

இழந்தவை இவை.

ஒரு கடை. ஒரு தையல் மெசின். என் கணவரின் வலது கையில் மூன்று விரல்களின் பிடி. வயிற்றில் இரண்டு மாதமாக இருந்த ஒரு பிள்ளை. துவக்குப் பிடி பட்ட அன்று இரவு போனது, இஸ்மாயிலுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு ராத்தா, உயிரோடு இருக்கிறாள், எனக்கு இல்லை. அதற்குப் பிறகு பிடிக்கப்பட்ட இருவர். ஒருவர் மீன்காரர், ஒருவர் மதரசாவில் ஓதிக்கொடுத்தவர். சாக்குக்குள் இருந்த ஆள். யாரென்று தெரியாது, எங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். நாவிதன்வெளியில் ஒரு வயல். உழ ஆளில்லாமல் புல் மூடியது.

யோகன். பத்தொன்பது வயது. இடக்கைக்காரன். கீழுதட்டில் சிறு தழும்பு. ஆற்றில் அக்கரைவரை நீந்துவான். உறைப்பு ஆகாது. திரும்பி வரவில்லை.