தொட்டியில் இரண்டு நிமிடம்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன்.

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் ட்யூப் கழுவுகிறேன். தொண்டை வழியாக உள்ளே விட்டுப் பித்தக் குழாயில் இருக்கும் கல்லை எடுப்பார்களே, அந்த ட்யூப். ஒருவருக்குப் போட்டதைக் கழுவித்தான் அடுத்தவருக்குப் போட வேண்டும். உள்துவாரத்தில் பிரஷ் விட்டுத் தேய்த்து, மருந்துத் தொட்டியில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, அலசி, காயவைக்க வேண்டும். எங்களிடம் இரண்டு அறை, இரண்டு ட்யூப், ஒரு நேரத்தில் ஒரு ட்யூப் மட்டும் கொள்கிற ஒரே தொட்டி.

போன வருடம், எல்லாவற்றையும் சீர்படுத்துகிறோம் என்று ஒரு நோட்டு கொடுத்தார்கள். ட்யூப் தொட்டியில் இறங்கிய நேரம், ஏறிய நேரம் எழுத வேண்டும். நான் காலையில் வந்ததுமே சாயங்காலம் வரைக்குமான நேரத்தையெல்லாம் எழுதி முடித்துவிடுவேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மேட்ரன்கூடப் பாராட்டினார். ஊறியது என்னவோ பத்து நிமிடம்தான். தாமதமானால் டாக்டர்கள் திட்டுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனதாக என் காதுக்கு வரவில்லை.

ஒருநாள் என் நாத்தனாருக்குக் கல் எடுக்க வேண்டியிருந்தது. ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவள். "அண்ணி, நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் வந்தேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கான ட்யூபை மூன்று முறை தேய்த்தேன். பிரஷ் வெள்ளையாக வெளியே வரும்வரை விடவில்லை. இருபது நிமிடம் ஊறவைத்தேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ட்யூப் ரெடியா?"

"இன்னும் எட்டு நிமிஷம் ஆகும் டாக்டர்."

"சரி, ஆகட்டும்."

அவ்வளவுதான் ஐயா. போய்விட்டார். பதினாறு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை.

அதற்குள் இன்னொரு ட்யூப் ஒரு பெரியவருக்குப் போட்டு வந்திருந்தது. அவருக்குப் பித்தக் குழாயில் சீழ். தொட்டியில் நாத்தனாருடையது இருந்ததால் இது அப்படியே சிங்கில் கிடந்தது. அடுத்த அறையில் ஒரு பஸ் டிரைவர் காத்திருந்தார். செலவான நேரத்தை எங்கேயாவது பிடிக்க வேண்டுமே. பிரஷ் விடவில்லை. தொட்டியில் முக்கினேன், எடுத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

உள்ளே கொண்டுபோனபோது டிரைவர் கேட்டார். "நல்லா கழுவினதுதானேம்மா?"

"சுத்தமா இருக்குங்க. பயப்படாதீங்க."

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். பெரியவருடைய சீழில் இருந்த அதே கிருமி அவர் ரத்தத்தில் இருந்ததாம். விசாரிக்க வந்தவர்களிடம் நோட்டைக் காட்டினேன். இருபது நிமிடம் என்று முத்து முத்தாக இருந்தது. பழி வார்டு நர்ஸ் தலையில் விழுந்தது, பெரியவரைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் டிரைவரைத் தொட்டுவிட்டாள் என்று. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆன பெண். அவள் அழுதுகொண்டே பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள். நான் அடுத்த ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்து வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது ஐயா.

டிரைவரைக் கொன்றது நான். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என் நாத்தனார் காதுக்கு இது போகவே கூடாது. "அண்ணி மாதிரி பொறுப்பானவங்க யாரும் கிடையாது" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம், அவள் மனசு தாங்காது.