கருவாட்டுக் கையும் கோப்பிச் சக்கையும்

டத்தோ கிராமாட் போகும் டிராமில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருக் கோப்பிக்கடைக்காரரிடம் ஒரு பெண் சொன்னாள்: "அண்ணே, எம் புருசன் புள்ளையத் தூக்குறாருன்னா அது உங்க கடைக் கோப்பிச் சக்கையாலதான்."

"சக்கையாலயா?"

"அவருக்குக் கருவாட்டுக் கிடங்குல வேலை. கை வாடைக்குப் புள்ள கிட்டயே போகாது, அழும். இப்ப நீங்க குடுக்கிற சக்கையத் தேச்சுக் கழுவிட்டுத்தான் தூக்குறாரு. நேத்து அவரு மடியிலயே தூங்கிருச்சு. நீங்க நல்லா இருக்கணும்ணே."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் ரெண்டு தடவ கொதிக்க வச்ச சக்கையத்தான் குடுத்தேன், தங்கச்சி. நாளையிலேர்ந்து ஒரு தடவ கொதிச்சதுமே உங்களுக்கு எடுத்து வச்சிர்றேன்லா."

அப்படியானால், அந்த இரண்டாம் கொதியில் இறங்கிய கோப்பியைத்தான் தினமும் காலையில் அவர் கடையில் நான் காசு கொடுத்துக் குடித்து வந்திருக்கிறேன். பிள்ளை தூங்கியதை நினைத்து, அவருக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்தேன்.