உண்மை என்று உறுதி கூறியவர்கள்

உங்கள் விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது, மேடம். எங்கள் அலுவலக நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்தால் இடுப்பு நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

நான் யாருடைய வயதையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் சலிக்க நிறுவனம் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அதற்குத் தெரியாது, கைக்குழந்தை மாதிரி. நான் பழைய விண்ணப்பங்களைத் திறந்து பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அழுத்த வேண்டும். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். பிறந்த தேதியை முன்கூட்டியே அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவ்வளவு நியாயமான இடம்.

முதல் நாளே மேலாளர் சொன்னார்: "நமக்குத் துறுதுறுன்னு ஆள் வேணும்மா. பெரியவங்க வேணாம்னு நான் சொல்லல. நான் எதுவுமே சொல்லல, சரியா?"

அவர் எதுவும் சொல்லவில்லை என்று அன்றைய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எதையும் எழுதிவைப்பது, வேலை முடிந்து நான் போய்ப் படித்த தொழில்நெறி மாலை வகுப்பில் வந்த பழக்கம்.

ஒரு நாளைக்கு நானூறு விண்ணப்பம். யாரால் முழுதாகப் படிக்க முடியும்? மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். சிலர் மட்டும் அடியில் 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, இடம், தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் அப்படி எழுதுவதில்லை. இருநூறு பேருடைய அனுபவ ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்த வரி இருந்தால் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். அதன்பின் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவேன். வரி இருந்தால் சிவப்பு. இது சரிதானா என்று குறிப்பேட்டில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் கேள்விக்குறியைத் திருத்தமாகப் போட்டிருக்கிறேன்.

மென்பொருள் கப்பென்று பிடித்துக்கொண்டது. உண்மை என்று உறுதி கூறுபவரை உள்ளே விடக் கூடாது என்ற பாடத்தை அவ்வளவு சுத்தமாக மனிதர்கள்கூடக் கற்றிருக்க மாட்டார்கள். பல நிறுவனங்கள் அதை வாங்கின. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் வேலை பார்த்த கிடங்கை மூடியபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடம் சரக்குப் பொறுப்பாளர்.

"ஏண்டி, நீ இதுக்குள்ளயே இருக்கிறவ. தப்பு எதாவது இருந்தா சொல்லு" என்று விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

படித்தேன். அடியில் அந்த வரி. அதன் கீழே நிதானமான கையெழுத்து. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது, திருத்தினேன். "மத்தபடி நல்லா இருக்கும்மா" என்றேன்.

அனுப்பிய நான்காவது நிமிடம் மறுப்பு வந்தது.

"இருபத்தெட்டு வருஷத்தை நாலு நிமிஷத்துல படிச்சுட்டாங்களா? பாவம், கண்ணு வலிச்சிருக்கும்" என்று சிரித்தாள்.

முப்பத்தாறாவது மறுப்புக்குச் சிரிக்கவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "நிஜமாவே எனக்கு வேலை தெரியாதோடி?"

"போட்டி அதிகம்மா" என்றேன்.

அந்த வரியை எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அது வீட்டு ஆளுக்குக் காட்டும் சலுகை. மாலை வகுப்பில் பாரபட்சம் என்று ஒரு பாடமே உண்டு. அதில் நான்தான் முதல் மதிப்பெண்.

உங்கள் கையிலுள்ள புகார் அம்மா கொடுத்தது. வயதானவர்களை ஒதுக்குகிறது என்று மென்பொருளின் மேல்தான் கொடுத்தாள். அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். ஒரு பிழைகூட இருக்காது, பாருங்கள்.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அடியில் 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா?

நேற்று என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இனி நானும் விண்ணப்பம் போட வேண்டும். இந்தத் தாள் அந்த மென்பொருளின் கண்ணில் பட்டால், எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.