நாலு ஊக்கு

"...கால நல்லா நீட்டிக்கோம்மா. இவரு நீட்டினா என் மேல, நான் நகந்தா உன் மேல. என்ன பண்றது, நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடின காலாச்சே! மெடலா? அட நீ வேற. மெடல் இருந்தா இப்படிப் போர்வைய இழுத்துப் போத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பாரா? விமானம் பூரா காட்டிட்டு வந்திருக்க மாட்டாரு?

நூறு வருஷத்துக்கு மேல நடக்குற ரேஸாம். இத்தன நேரத்துக்குள்ள ஓடிக் காட்டினாத்தான் உள்ளயே விடுவானாம். அஞ்சு வருஷம்மா! ஒரு கல்யாணம் காட்சி கிடையாது. சோத்தத் தட்டுல போடல, தராசுல போட்டேன். கால் நகம் ரெண்டு விழுந்தாச்சு, அதுக்குப் பெரும வேற. அறுபது முடியப் போகுது, இன்னொரு தடவ நடக்கிற காரியமா?

அங்க குளிருன்னா குளிரு... ஓட ஆரம்பிக்கற கோட்டுல நிக்கற வரைக்கும் எல்லாரும் பழைய ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, துப்பாக்கி வெடிக்கறப்ப கழட்டி ஓரமா எறிஞ்சிடுவாங்களாம். வழக்கமாம். இவரும் எறிஞ்சாரு. குத்தியிருந்த நம்பர் அட்டையோட சேத்து எறிஞ்சாரு! நேரம் பதியற சிப்பு அந்த அட்டையிலதான் இருக்கு. முழுசா ஓடி முடிச்சு, மூச்சு வாங்கக் கழுத்த நீட்டினா, மெடல் போடுற பொண்ணு வெறும் சட்டையப் பாத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. ஓடினதுக்கு அத்தாட்சியே இல்ல. எங்கக்காகிட்ட ஃபோன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன், சட்ட எது ஸ்வெட்டர் எதுன்னு தெரியாத மனுஷன்னு. இவரும், 'ஆமா, பதட்டத்துல மாத்திக் குத்திட்டேன்'னுட்டாரு.

மெதுவாச் சிரிம்மா... அவரு சட்டையிலதான் குத்தி வச்சிருந்தாரு. காலையில குளிக்கப் போனாரா... ஸ்வெட்டர மேல போட்டா நம்பர் மறைஞ்சிடுமே, அக்காவுக்குப் போட்டோ அனுப்பணுமே! கழட்டி ஸ்வெட்டர்ல நான்தான்... ரேஸ்காரங்க குடுத்த ஊக்கு நாலும் சன்னம், அதப் பையில போட்டுட்டு என் ஊக்கு போட்டுக் கெட்டியா... வந்தவரு அவசரத்துல அப்படியே மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஸ்வெட்டர எறிஞ்சிடுவோம்னு பத்து தடவ சொல்லியிருந்தாரு. யாரு காதுல வாங்கினா? தூங்கறாரு, கேக்காது. ஊருக்குப் போய் இவருகிட்ட... சொல்லிக்கலாம்ல?"

பக்கத்து சீட்டுப் பெண் இயர்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கணவரின் தோளிலிருந்து போர்வை வழுக்கி இறங்கியிருந்தது. அவள் கைப்பையைத் துழாவி, சன்னமான ஊக்கு ஒன்றை எடுத்துப் பல்லால் திறந்தாள். போர்வையின் இரு முனைகளையும் அவர் கழுத்தருகே சேர்த்துப் பிடித்தாள். கண்ணைத் திறக்காமலே, அவர் மோவாயைச் சற்று உயர்த்திக் கொடுத்தார்.