நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் கூடாது

மாத்திரை அட்டையைப் பிரிக்கக் கட்டைவிரலில் பலம் வேண்டும். அது போன பிறகுதான் மனிதர்களுக்குத் தெரியவரும். என் அம்மா கலியம்மாளுக்கு எழுபத்தாறு வயதில் போனது. விரல்கள் மடங்கிக்கொண்டன, முழங்கால் இரண்டும் விடிந்தால் வீங்கியிருக்கும். மூட்டு வாதம் என்றார்கள். அதனால் அட்டையைப் பிரித்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பது என் வேலை ஆயிற்று. நீங்கள் எழுதித்தரச் சொன்னதை அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சரியாக வரும், மேடம்.

என் பெயர் மஞ்சுளா. வயது ஐம்பத்திரண்டு. ஏம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. தம்பி தணிகைவேல் ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான். அப்பா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையாகப் பேசுவார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம். வயசானவங்களுக்குக் கிட்னி தாங்காது" என்றார். சீட்டிலும் அப்படியே எழுதி அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் ஒருநாளும் தாண்டியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. பத்து நாளில் அம்மா எழுந்து நடந்தாள். காலையில் இட்லி சாப்பிட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் தம்பி வாங்கிய கார், தம்பி பெண்டாட்டி வைக்கும் குழம்பு என்று பேசிக்கொண்டிருப்பாள். என்னைப் பற்றி யாராவது கேட்டால், "அது கெடக்குது வூட்டுல" என்பாள். என்னை எப்போதும் அது என்றுதான் சொல்வாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் காட்டேரிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும், "அதுக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஆடியில் நான்கு நாள் ஊர் மருந்துக்கடையில் அந்த மாத்திரை இல்லை. வில்லியனூர் போயிருந்தால் கிடைத்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. நான் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மாவால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. "மஞ்சு" என்று கூப்பிட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போய்த் தூக்கினேன். இரண்டு கைகளையும் என் கழுத்தில் போட்டுக்கொண்டு, முகத்தை என் தோளில் வைத்தாள். "நீ இல்லாங்காட்டி நான் இன்னாடி ஆவேன்" என்றாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அடித்ததை நான் சேர்க்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைக்கு மாத்திரை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஒன்று மட்டும் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆவணி முடிவதற்குள் அதையும் நிறுத்திவிட்டேன். அதே வெள்ளை நிறத்தில், அதே நீளத்தில் கால்சியம் மாத்திரை விற்கிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நேரம் தவறாமல் அதைக் கொடுத்தேன். சீட்டில் இரண்டுக்கு மேலே போகக் கூடாது என்றுதான் இருந்தது. கீழே போகக் கூடாது என்று யாரும் எழுதவில்லை.

வலி இருக்கும்போது அம்மா நல்லவள். சோறு பிசைந்து ஊட்டினால், "நீ தின்னியாடி?" என்று கேட்பாள். தம்பி போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் என்னிடம் நீட்டிவிடுவாள். சாயங்காலத்தில் அவள் கைகளை வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிடுவேன். மடங்கியதை நிமிர்த்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாடி, என் கண்ணு" என்பாள். அதைக் கேட்பதற்காகச் சில நாள் ஒரே விரலை இரண்டு தடவை நிமிர்த்தியிருக்கிறேன்.

மார்கழிக்குப் பிறகு அவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன். வலி குறையவேயில்லை என்று உள்ளதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கிட்னி நல்லா இருக்குது. இன்னும் கொஞ்சம் பலமான மாத்திரையே தரலாம்" என்று எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கினேன். அலமாரியில் துணிக்கட்டுக்குப் பின்னால் மற்ற அட்டைகளோடு வைத்தேன். எதையும் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

தை மாதம் ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குப் பாகூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டு சகாயராணி அக்கா, அம்மா அழுவதைப் பொறுக்க முடியாமல் தன்னுடைய வலி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சகாயராணி அக்காவிடம், "அது குடுக்குற மாத்திர ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. எம்புள்ளைக்கிப் போன் போடும்மா, நான் ஓசூருக்கே போயிடறேன்" என்றாள்.

சகாயராணி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "கிட்னி போயிடுச்சுக்கா. இன்னும் ஒரு மாத்திரை சேந்துபோனா உயிரே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுக்கவில்லை. அம்மாவிடமும் அதையே சொன்னேன். தம்பியிடமும் சொன்னேன். இந்த நிலைமையில் பயணம் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான். இரண்டு நாளில் அம்மா மறுபடியும் மஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டாள்.

"மஞ்சு, அந்த மாத்திரையில நாலஞ்சு சேத்துக் குடுத்துடுடி. ஒரேடியா போயிடறேன். என்னால முடியல. உனக்கும் செரமம் வேணாம்."

அலமாரியிலிருந்து உண்மையான மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு மணி நேரத்தில் வலி அடங்கியிருக்கும். நான் கால்சியம் ஐந்து எடுத்துக்கொண்டு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினாள். பிறகு படுத்துக்கொண்டு பேசினாள்.

"காட்டேரிக்குப்பத்துக்காரங்க வந்தப்ப நான்தான்டி கெடுத்தேன். நீ போயிட்டா வூட்ட யாரு பாக்கறதுன்னு. மனசுல வெச்சிக்காத. எனக்கு ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள எல்லாம் நீதான்."

என் தலையில் கை வைத்தாள். அப்படியே தூங்கிவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நிம்மதியான மத்தியானம் எனக்கு அமைந்ததில்லை.

பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்ற சத்தத்தில் கண் விழித்தாள். மேலே சுற்றும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலை அசைத்தாள். வலி அப்படியே இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னாடி குடுத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் வந்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கால்சியம்மா."

"எத்தினி நாளா?"

"பதிமூணு மாசமா."

நான் எழுந்து போய் நல்ல மாத்திரையை எடுத்து, அட்டையைப் பிரித்து, தண்ணீரோடு கொண்டுவந்தேன். அம்மா உதட்டை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் கையால் மாத்திரையோ தண்ணீரோ ஒரு வாய் சோறோ வாங்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. சகாயராணி அக்கா வந்து இரண்டு கரண்டி கஞ்சி ஊற்றுவாள், அவ்வளவுதான். நான் வற்புறுத்தவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை. எட்டாம் நாள் சகாயராணி அக்காதான் அவனுக்குப் போன் செய்தாள். அவன் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பதினோராம் நாள் அம்மா இறந்தாள்.

கோடித் துணி எடுக்க அலமாரியைத் திறந்தபோது தம்பி அட்டைகளைப் பார்த்துவிட்டான். எல்லாவற்றையும் பையில் போட்டு ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்தது அவன்தான். மாத்திரையை நிறுத்தியது நான். கிட்னி போய்விட்டது என்று சொன்னது நான். அம்மாவுக்குத் தெரியாமல்தான் செய்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஒன்றைமட்டும் தம்பி உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறான். குளிப்பாட்டுவதற்காக நான் வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து, அம்மா இருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். தம்பி குறுக்கே நின்றான்.

"வேணாங்க்கா. ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. 'அவ கை எம்மேல படக்கூடாது'ன்னு."

தெருப் பெண்கள்தான் குளிப்பாட்டினார்கள். நான் பாத்திரத்தைப் பிடித்தபடி வெளியே நின்றிருந்தேன். அம்மா கோபத்தில் அப்படிச் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவளைத் தூக்கித் தூக்கி என் கை எவ்வளவு ஓய்ந்துபோயிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். கடைசியாக ஒரு தடவையாவது எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள்.