பலாப்பழ விளக்கில் சுற்றிய கம்பி

பெயர் பிரகதீஸ்வரி, வயது 20, த/பெ. திருப்பதி, பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டம்.

நான் மேற்படி ஊரில் பெற்றோருடன் குடியிருந்து, தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். உடன் படிக்கும் நாகராசுவின் அலட்சியத்தால் கண்காட்சியில் தீப்பிடித்ததாகக் கல்லூரி கொடுத்த புகார் குறித்து என்னை விசாரித்தீர்கள். அது பொய்ப் புகார். வழக்குப் பதிந்தால் அவனைக் கல்லூரியை விட்டே நீக்கிவிடுவார்கள். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

நான், நாகராசு, பவுசியா மூவரும் ஒரே குழு. சத்தத்துக்கு எரியும் எல்.இ.டி. சிற்பம் ஒன்றை புராஜெக்ட்டாகச் செய்தோம். நாகராசுவுக்கு ஊர் ஆலங்குடிப் பக்கம் என்பதால் பலாப்பழம் என்று முடிவானது. முள்ளுக்கு ஒரு விளக்கு. முள்ளை எதில் செய்வது என்று திண்டாடியபோது பவுசியா மருதாணி கோன் போடும் பிளாஸ்டிக் கவர்களைக் கொண்டுவந்தாள். அவற்றை வெட்டி ஒட்டினோம். கை தட்டினால் காம்பிலிருந்து கீழ்வரை பச்சை மஞ்சளாகப் பழுத்துக்கொண்டு வரும். பெரிய சத்தம் வந்தால் எல்லா விளக்கும் வெள்ளையாக எரிந்து மின்சாரத்தை இழுக்கும். அப்போது தானே அறுந்துகொள்ள ஒரு ஃப்யூஸ் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று போட்டவன் நாகராசு. அவனைத்தான் அலட்சியக்காரன் என்கிறார்கள்.

அதன் பிறகு, கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில் துறைத்தலைவர் வசந்தகுமார், சிறப்பு விருந்தாளியை வரவேற்க ஏற்பாடு செய்திருந்த செண்டை மேளக்காரர்களைப் பழத்தின் பக்கத்திலேயே நிறுத்தி அடிக்கச் சொன்னார். ஃப்யூஸ் போனது. மாற்றினோம். மறுபடியும் போனது. நாகராசு அவரிடம், "சார், மேளத்த அங்கிட்டு தள்ளி வச்சாப் போதும் சார். இது கைதட்டுக்குச் செஞ்சது" என்றான். அதற்கு அவர், "விருந்தாளி முன்னாடி இது அணைஞ்சா என் மானம் போயிரும்டா. ஒனக்கு என்ன தெரியும், போ" என்றார். பிறகு மேடைக்கு மின்வேலை பார்க்க வந்த அருள்தாஸைக் கூப்பிட்டு, ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அறுந்துபோகாத செம்புக் கம்பியைச் சுற்றச் சொன்னார். அவரும் சுற்றினார். நானும் பவுசியாவும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அவர்கள் போனதும் நாகராசு கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஃப்யூஸைத் திரும்பப் போட்டான்.

மறுநாள் எங்களைப் பழத்தின் கிட்டேயே விடவில்லை. சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, என்னையும் பவுசியாவையும் பட்டுச் சேலை கட்டி வாசலில் வரவேற்புக்கு நிற்கச் சொன்னார்கள். செய்தவர்கள் நாங்கள். எங்கள் கையில் பன்னீர்ச் சொம்பு.

விருந்தாளி வந்ததும் துறைத்தலைவர், "சத்தத்துக்கு எரியிற வெளக்குங்க. அதனால குத்துவெளக்குக்குப் பதிலா வெடி வச்சே தெறக்குறோம்" என்று மைக்கில் சொன்னார். வாசலுக்கு வெளியே சரவெடியைக் கொளுத்தினார்கள். முள் அத்தனையும் வெள்ளையாக எரிந்தது. ஃப்யூஸ் அறுந்து அணைந்திருக்க வேண்டும், அணையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அடியில் இருந்த பவர் சப்ளை பெட்டி புகைந்து, கோன் கவர்கள் உருகிச் சொட்டி, பந்தல் துணியில் தீப்பிடித்தது. துறைத்தலைவர் விருந்தாளியைக் காரில் ஏற்றப் போய்விட்டார். நாகராசுதான் ஓடி வந்து, உருகிக்கொண்டிருந்த வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இப்போது அவனுக்குப் பவுசியா சோறு ஊட்டிவிடுகிறாள்.

அதன் பிறகு, நாகராசுவைச் சேர்த்திருந்த அரசு மருத்துவமனைக்கு வந்த அருள்தாஸ் என்னிடம், "காலையில சாரு மறுபடி கம்பிய சுத்தச் சொன்னாரு தங்கச்சி. சுத்திட்டேன்" என்று சொல்லி அழுதார். துறைத்தலைவரும் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே நாகராசுவிடம், "தப்பு ஒம்மேலன்னு சொல்லிரு. மார்க்க நான் பாத்துக்கிறேன்" என்றார். என் கையில் இருந்த இளநீரை அவர் முகத்தில் ஊற்றாமல் விட்டது வயதுக்குக் கொடுத்த மரியாதை. இப்போது அதற்கும் வருத்தப்படுகிறேன். நாகராசு, "சொல்ல மாட்டேன் சார்" என்றான். அன்று மாலையே புகார் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் 'தீ விபத்து' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை என் முன்னால் அடித்து, 'கம்பி சுற்றியதால் பிடித்த தீ' என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன். மற்றதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) தி. பிரகதீஸ்வரி