கதவு திறக்கும்வரை

ஆரவாரத்தை அடக்கி அவையை ஆளுகின்ற தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மேன்மைமிகு சங்கப் பொறுப்பாளர்களே! சலவையால் சட்டைகளை மீட்டவர்களே! சிகை திருத்தி எங்கள் முகங்களை மீட்டவர்களே! மூடிய உணவகத்தின் முன்னே மேசை போட்டு நின்ற அண்ணன்மார்களே! பெரியோர்களே! வீட்டில் ஒரு வேலை, வெளியில் ஒரு வேலை என்று இரண்டு பாரமும் சுமந்து இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

'பெருந்தொற்றில் சேவைத் தொழில்கள் தாக்குப்பிடித்தது எப்படி?' எனக்குத் தந்த தலைப்பு இது. எனக்கு முன்னால் பேசியவர்கள் வீடு தேடிப் போனோம் என்றார்கள். எங்கள் தொழிலில் அதற்கு வழியில்லை. லிஃப்டைக் கூடையில் வைத்து வீட்டுவாசலில் இறக்க முடியாது.

சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லிஃப்ட் பராமரிப்பவர்கள். முதலாளி என் அண்ணன். முன்வரிசையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். எங்கள் மெக்கானிக்குக்கு 'நட்டு' என்று பெயர். நாங்கள் வைத்த பெயர். நான் தொலைபேசி. ஆமாம், என் வேலை அவ்வளவுதான். எந்தக் கட்டடத்து லிஃப்டில் யார் அவசர பட்டனை அழுத்தினாலும் என் மேசையில் மணி அடிக்கும். எடுத்தால் அங்குள்ள சத்தம் எனக்குக் கேட்கும், என் குரல் அங்கே கேட்கும். என் தலைக்கு மேலே, சுவரில், சிவப்புப் பெயின்ட்டில், கடை திறந்த அன்று அண்ணன் தன் கையால் எழுதிய ஒரு வரி.

'கதவு திறக்கும்வரை ரிசீவரை வைக்காதே.'

பிறகு ஊர் அடங்கியது. வீதி அடங்கியது. வேலை அடங்கியது. ஓடாத லிஃப்ட் கெட்டுவிடும் என்பதால் வாரம் ஒருமுறை நட்டு போய், காலிக் கட்டடங்களில் லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிவிட்டு வருவான். ஒரு நாள் வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, ஆளே இல்ல. ஆனா ஒவ்வொரு மாடியிலயும் நின்னு கதவத் தொறக்குது. யாரையோ எறக்கி விடுற மாதிரியே இருக்குக்கா."

ஒரே ஒரு கட்டடத்துக்கு மட்டும் அவனும் போகவில்லை. ஒன்பது மாடி அலுவலகம். ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, உள்ளே ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, முன்வாசலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் அதன் சொந்தக்காரர்.

ஒரு திங்கட்கிழமை. மாலை நான்கு மணி. அந்தக் கட்டடத்திலிருந்து மணி அடித்தது.

எடுத்தேன். "சொல்லுங்க, எந்த மாடியில நிக்கிறீங்க?"

பதில் இல்லை.

மூச்சு மட்டும்.

மறுநாளும் நான்கு மணி. மறுநாளும் மூச்சு. அண்ணன் எட்டிப்பார்த்தார்.

"யாரு?"

"பேசலண்ணா. மூச்சு வருது."

"வயர்ல ஈரம் ஏறியிருக்கும். அந்தச் சத்தம்தான். வை."

"மேல என்ன எழுதியிருக்கு பாரு."

"எழுதினதே நான்தான்டீ. அழிக்கவும் எனக்குத் தெரியும்."

தலையை ஆட்டாதே அண்ணா, இப்படித்தான் சொன்னாய்!

நான் வைக்கவில்லை. சும்மா பிடித்திருக்கவும் பயமாக இருந்தது. அதனால் பேசினேன். இன்றைக்கு வெயில் என்றேன். அண்ணனுக்குப் பல்வலி என்றேன். நட்டு ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றொன்றைத் தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருக்கிறான் என்றேன். அரை மணி நேரம். பிறகு அந்தப் பக்கமே இணைப்பு துண்டிக்கப்படும். ஈரம் ஏறிய வயருக்கு என்ன ஒழுங்கு பாருங்கள்! ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. மற்ற எல்லா நாளும் நான்கு மணி.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் என் எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ பேயோட அரை மணி நேரம் பேசிட்டிருக்க. அந்த நேரத்துல வேற எடத்துல நிஜமா ஒரு ஆள் மாட்டிக்கிட்டா? நம்மகிட்ட இருக்கறது இந்த ஒத்த லைனு. அவன் அடிச்சுப் பாத்துட்டு மூச்சு முட்டிச் செத்தா, யாரு பதில் சொல்றது?"

அவையோரே, அவர் கேட்டதில் தவறு உண்டா?

"நாளைக்கு அந்த இணைப்பக் கழட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

நான்கு மணி. மணி அடித்தது.

இந்தமுறை நான் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. "யாரா இருந்தாலும் கேளுங்க. நாளையிலிருந்து என்னால எடுக்க முடியாது. பேச வரலன்னா பட்டன அழுத்துங்க. ஆமான்னா ஒரு தடவை. இல்லன்னா ரெண்டு தடவை. கேக்குதா?"

பிறகு காதுக்குள், டிங்.

ஒன்று.

ஈர வயர் எண்ணுமா, அய்யா? எலி கடித்த வயர் எண்ணுமா, அம்மா?

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

டிங். டிங்.

"கதவு தொறந்திருக்கா?"

டிங்.

"கூட யாராவது இருக்காங்களா?"

டிங். டிங்.

அடுத்து ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. "நீங்க உயிரோட இருக்கீங்களா?"

ஒன்றும் இல்லை. மூச்சும் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் கை என் தோளில் இருந்தது. சில்லென்று.

டிங்.

அண்ணன் ஓடினார். நட்டு ஓடினான். சொந்தக்காரரைப் பிடித்துச் சாவி வாங்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. ரிசீவரைப் பிடித்திருந்தேன். "வந்துட்டே இருக்காங்க, வந்துட்டே இருக்காங்க." ஐம்பது நிமிடம் இதையே சொன்னேன். கடைசியில் இரும்பு இழுபடும் சத்தம். நட்டுவின் குரல்.

"அண்ணே! நாற்காலி போட்டு உக்காந்திருக்காருண்ணே!"

அவர் அந்தக் கட்டடத்துக் காவலாளி. ஊருக்குப் போய்விட்டார் என்று சொந்தக்காரர் நினைத்திருந்தார். வண்டி கிடைக்காமல் பின்வாசல் வழியாகத் திரும்பிவந்து, தன் அறையில் படுத்தவர். காய்ச்சல். தொண்டையில் குரல் போய்விட்டது. கைபேசி இருந்தது. குரல் இல்லாதவர் யாரை அழைப்பார்? எழுதி அனுப்பினால் படிப்பதற்கு அதில் யார் இருந்தார்கள்? அந்த ஒன்பது மாடியில் மனிதக் குரல் வரும் இடம் ஒன்றுதான். அதனால் தினமும் சுவரைப் பிடித்து நடந்து, நாற்காலியை இழுத்துவந்து, லிஃப்டின் வாசலில் போட்டு உட்கார்ந்து, பட்டனை அழுத்தியிருக்கிறார்.

மருத்துவர் சொன்னார், இன்னும் இரண்டு நாள் என்றால் தாங்கியிருக்க மாட்டார் என்று.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து. இன்னும் முடியவில்லை.

அவர் மடியில் வருகைப் பதிவேடு இருந்தது. யாரும் வராத கட்டடத்தில் நான் பேசியதைப் பதிந்து வைத்திருந்தார், தேதி போட்டு. 'வெயிலாம்.' 'முதலாளிக்குப் பல்வலி.' 'ஒற்றைச் செருப்பு.' எல்லாம் நான் சொன்னவை. அண்ணன் கொண்டுவந்ததைப் புரட்டினேன். ஞாயிறு என்று ஒரு வரி.

'நாளைக்கு மழை வருமாம். ஜன்னலைச் சாத்தச் சொன்னாங்க.'

ஞாயிறு எங்கள் அலுவலகம் பூட்டியிருந்தது. மணி காலி அறையில் அடித்து ஓய்ந்திருக்கும். நான் என் வீட்டுச் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தேன். வானம் கறுத்திருந்தது. 'நாளைக்கு மழை வரும்போல, ஜன்னலைச் சாத்திடணும்' என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிரில் எவரும் இல்லை. மறுநாள் மழை பெய்தது.

காய்ச்சல் என்கிறார் மருத்துவர். அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த வரியைப் படித்த அண்ணன் இரண்டாவது லைன் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் போட்டார். கழட்டச் சொன்ன அந்த இணைப்பையும், பிறகு ஒப்பந்தம் நிறுத்திய கட்டடங்களின் இணைப்புகளையும்கூட, அப்படியே வைத்தார். ஊர் மீண்டும் திறந்தபோது போனவர்களில் பெரும்பாலோர் எங்களிடமே திரும்பினார்கள். ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். "பூட்டியிருந்தப்பவும் நீங்க எடுத்தீங்களாமே" என்றார்.

இதுதான் எங்கள் உத்தி. வேறு இல்லை. கடை மூடலாம், கடமை மூடலாமா? விளக்கு அணையலாம், விளிப்பது அணையுமா? நம்மை அழைப்பவர் யாரென்று தெரியாதபோதும், அழைப்பவர் இருக்கிறாரா என்றே தெரியாதபோதும், எடுப்பது. எடுத்தபின் வைக்காதிருப்பது. சலவைக்காரரே, தையற்காரரே, ஓட்டுநரே, செவிலியரே, உங்கள் மேசையிலும் ஒரு மணி இருக்கிறது. நீங்கள் இல்லாத அறையில் அது அடிக்கும்போது உங்கள் குரலில் யார் பதில் சொல்வது? அந்த எண்ணம் ஒன்று போதும், என்னை ஞாயிற்றுக்கிழமையும் எழுப்ப.

காவலாளி ஐயா இந்த அரங்கில்தான் இருக்கிறார். கடைசி வரிசை. குரல் இன்னும் திரும்பவில்லை. யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், கூச்சப்படுவார்.

ஐயா. இத்தனை நாளும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்கிறேன். நாற்காலிக் கையில் தட்டினால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை வரும் என்று சொன்னது, என் குரலா?

கேட்டதா உங்களுக்கு? ஒன்று.

அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன் ஐயா. போன் பக்கத்திலேயே இல்லை. நிச்சயமாக நானா?

...

ஒன்று.

தலைவர் அவர்களே, பொறுமையோடு கேட்ட பெரியோர்களே, தாய்மார்களே, நன்றி. அரங்கின் கதவைத் திறந்து வையுங்கள் தம்பி. ஆம், அகலமாக.

திறந்துவிட்டது. இப்போது வைக்கிறேன். வணக்கம்.